அறுபத்தைந்து மில்லிமீட்டர்

கிதியோன் தன் பதினெட்டு வருஷ சர்வீசில் போட்ட டிராயிங்குகளிலேயே மிகச் சுத்தமானது, ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காகப் போட்டதுதான். காஞ்சன்பாக் தொழிற்சாலையில் எல்லாரும் கான்டீனுக்குப் போன நேரமாகப் பார்த்து, டிராயிங் போர்டின் முன்னால் தனியாக உட்கார்ந்து போட்டான். மாருதி காரின் பின்பக்கம், மூன்று கோணத்தில். அதற்குள் ஒரு மூன்று சக்கர வண்டி, சிவப்பு மையில். வண்டியின் கைப்பிடித் தண்டு டிக்கிக் கதவில் இடிக்கிற இடத்தில் ஓர் அம்புக்குறி: 65 மி.மீ. கீழே ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் அவன் கையெழுத்து. ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்திலும் அவனே.

அளவுகள் எல்லாம் சரி. தப்பு ஒன்றே ஒன்றுதான். அந்தத் தண்டு மடங்கும். மடங்கும் என்று தெரிந்தேதான் அவன் அதை நிமிர்த்தி வைத்து வரைந்திருந்தான்.

வண்டி அவன் அக்கா லோயிஸுடையது. அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. கிதியோனுக்கு ஏழு வயதில் அம்மா தவறிப்போனதிலிருந்து அவனை வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க விடாமல், பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகக் காலத்தைத் தள்ளியவள். பத்து வருஷத்துக்கு முன்பு முதுகுத்தண்டில் ஏதோ நோய் வந்து கால்களில் பலம் போய்விட்டது. பிடித்துக்கொண்டால் நிற்பாள், நாலு அடி வைப்பாள், அவ்வளவுதான். செகந்திராபாத் ஈஸ்ட் மாரேட்பள்ளியில் தம்பி வீட்டு முன்னறை ஜன்னல்தான் அவளுக்கு உலகம் என்று ஆகிப்போனது.

அதற்கு முன்னால் அவள் கால் ஓரிடத்தில் நின்றதில்லை. சனிக்கிழமை ஆனால் குடையை எடுத்துக்கொண்டு லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நடந்துவிடுவாள். வொர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வரிசை வரிசையாக உண்டு. யாருக்குப் பேறுகாலம், யார் வீட்டில் சண்டை, யார் மகன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடுகிறான் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். ஜெபமும் செய்வாள், திட்டவும் செய்வாள். காலில் பலம் போன பிறகு அவர்கள்தான் இவளைத் தேடி வந்தார்கள்.

“பத்து வருஷமா எல்லாரும் என்னைய வந்து பாத்து உச்சுக் கொட்டிட்டுப் போறாவ. ஒரு தடவையாவது நான் போயி அவுகளைப் பாத்து உச்சுக் கொட்டணும்” என்பாள் லோயிஸ். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் 1988 ஜூனில் ஒரு மரப்பெட்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு காலத்தில் தலைமையாசிரியையாக இருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிப்போன மிஸ் பிரான்டன் அனுப்பியிருந்தார். உள்ளே பேட்டரியில் ஓடும் ஒரு வண்டி. மூன்று சக்கரம், ஒரு நாற்காலி, முன்னால் ஒரு கம்பிக்கூடை. ஆள் நடக்கிற வேகத்துக்குப் போகும். முதல் நாளே லோயிஸ் அதில் ஏறிப்போய் வாசல் பூந்தொட்டி இரண்டை உடைத்துவிட்டு, பத்து வயசுப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். கிதியோனின் மனைவி ஹில்டா உடைந்த தொட்டியைப் பார்ப்பதா, லோயிஸ் மைனியின் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

லாலாகுடா வரைக்கும் அதில் போக முடியாது. நடுவில் மேடு, பஸ், லாரி. அதனால் லோயிஸ் அன்றைக்கே திட்டம் போட்டுவிட்டாள். “நீ என்னையும் வண்டியையும் கார்ல கொண்டுபோயி குவார்ட்டர்ஸ் வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிரு. உள்ள ரோடு எல்லாம் சமதளம். ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து கூட்டிட்டு வா. சனிக்கிழமை உனக்கு லீவுதானே?”

“ஏத்திப் பாப்போம் அக்கா” என்றான் கிதியோன். அப்போது அவன் மனதில் கள்ளம் எதுவும் இல்லை.

மாருதி வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று வருஷம் காத்திருந்து அலாட்மென்டில் வந்த வெள்ளை மாருதி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் கழற்றவில்லை. இருந்தாலும் ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அக்கா தூங்கும் நேரத்தில், பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வண்டியைக் கழற்றினான். நாற்காலி தனியாக, பேட்டரி தனியாக, மோட்டார் உள்ள பின்பகுதி தனியாக வந்தது. முன்பகுதிதான் முரண்டு பிடித்தது. கடைசியில் தண்டின் அடியில் ஒரு ரப்பர் உறையும், அதற்குள் ஒரு பின்னும் இருப்பதைக் கண்டுபிடித்தான். பின்னை உருவியதும் தண்டு அப்படியே மடங்கிப் படுத்தது. பின்சீட்டைச் சாய்த்து, முன்பகுதியைக் குறுக்கே நுழைத்து, டிக்கிக் கதவை அழுத்தினான். கிளிக் என்று மூடிக்கொண்டது. இருபது நிமிஷம். முன்சீட்டில் அக்கா உட்காரத் தாராளமாக இடம் இருந்தது. கிதியோனுக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஓட்டும்போது உள்ளே எதுவும் ஆடுகிறதா என்று பார்க்க, அப்படியே பெட்ரோல் பங்க் வரைக்கும் போனான். அங்கேதான் ஜகதீசன் நின்றார். தொழிற்சாலையில் அவனுக்கு மேலதிகாரி. அடுத்த மாதம் அவன் போக இருந்த பிரமோஷன் இன்டர்வியூவில் உட்காரப்போகிறவரும் அவர்தான். பேகம்பேட்டில் வீடு. எதற்கோ இந்தப் பக்கம் வந்திருந்தார்.

அவர் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். “என்ன கிதியோன், குழந்தைங்க சைக்கிளா? இல்லையே... ஓ! ஹேண்டிகேப்டு வண்டியா? அடடா, பாவம். யாருக்கு?”

கேலியாகக் கேட்கவில்லை. நல்ல மனுஷன், உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டார். அந்த ‘பாவம்’தான் கிதியோனைச் சுட்டது. ‘எங்க அக்காவுக்கு சார்’ என்று மூன்று வார்த்தை. அது வாயில் வரவில்லை.

“சர்ச்சுக்கு வந்தது சார். டொனேஷன். யாருக்காவது கொடுக்கணும்.”

“நல்ல காரியம்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார் ஜகதீசன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிதியோனுக்கு உடம்பு கூசியது. அக்காவை நினைத்து வெட்கப்படுகிறவன் நீ என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். இப்போது யார் சட்டையைப் பிடிப்பது? முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் லோயிஸ் டீச்சர். எத்தனை பேர் வந்தாலும் அவனுக்குப் பெருமைதான். அந்த வண்டியில் ஏற்றித் தெருவில் விட்டால் அவள் ‘பாவம்’ ஆகிவிடுவாள், தான் அந்தப் ‘பாவ’த்தின் தம்பி ஆகிவிடுவோம். வாரம் தவறாமல் செகந்திராபாத் முழுக்க யாராவது ஒருவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, யாருக்கு என்று கேட்கப்போகிறார். ஜகதீசன் மறுபடி பார்த்தால் என்ன சொல்வது? அவள் எழுந்திருப்பதற்குள் வண்டியை இறக்கி, பழையபடி பூட்டி வைத்தான். புத்தகத்தை ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை அது அவன் மேஜை இழுப்பறைக்குப் போனது.

“பெட்டியில புத்தகம் ஒண்ணும் இல்லையே அக்கா. அளந்து பாத்துட்டேன். கார்ல ஏறாது” என்றான்.

“கொஞ்சம்கூடவா?” என்றாள் லோயிஸ்.

அவள் கணக்கு டீச்சர். ‘ஏறாது’ என்று வாயால் சொன்னால் போதாது என்று அவனுக்குத் தெரியும். அதற்குத்தான் அந்த டிராயிங்.

அவள் அதை ஒரு வரி விடாமல் பார்த்தாள். விரலை வைத்து எண்களைக் கூட்டினாள். “ஆமா, இடிக்கத்தான் செய்யுது” என்றாள். முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் ஒரு நிமிஷம்தான். பிறகு நிமிர்ந்து, “எனக்காவ இவ்வளவு மெனக்கெட்டிருக்கியே கிதி” என்றாள்.

அதோடு விட்டிருந்தால்கூட அவன் எப்படியோ பூசி மெழுகிக்கொண்டு போயிருப்பான். அவள் விடவில்லை. டிராயிங்கைச் சுருட்டிக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டினாள். சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வந்தபோது காட்டினாள், போதகரின் மனைவி ஐயரம்மா வந்தபோது காட்டினாள். “பாருங்கோ, எவ்வளவு அக்கறையா போட்டிருக்கான். வெறும் அறுபத்தஞ்சு மில்லிமீட்டர். ரெண்டரை இஞ்சு. அதுக்கு அவன் என்ன செய்வான்?” ஐயரம்மா அவனைப் பார்த்து, “இப்படி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வைக்கணும்” என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது கிதியோனுக்கு.

வண்டியில் அவள் தினமும் வராந்தாவிலிருந்து கேட் வரைக்கும் போனாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். திருப்பிக்கொண்டு வருவாள். கிதியோன் அந்த நேரத்தில் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொள்வான். புதிதாக ஒரு வழி கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்தான். இன்டர்வியூ முடியட்டும் என்றிருந்தான். இன்டர்வியூ முடிந்தது, பிரமோஷனும் வந்தது. ஆர்டர் வரட்டும் என்றிருந்தான். ஆர்டரும் வந்தது. நாள்தான் தள்ளிப்போனது.

செப்டம்பரில் ஒரு நாள் சாப்பிடும்போது லோயிஸ் சொன்னாள்: “மிஸ்ஸுக்குக் கடுதாசி போட்டுட்டேன். வண்டியை நாகம்மாவுக்குக் குடுத்திருதேன்.”

நாகம்மா லாலாகுடாவில் பிறந்தவள். ஒரு காலத்தில் லோயிஸிடம் கணக்குப் படித்தவள். சின்ன வயதிலேயே போலியோ வந்து, இப்போது மௌலாலி பக்கம் ஊனமுற்ற பெண்களுக்கான ஒரு இல்லத்தில் இருந்தாள். தார்நாக்காவில் ஒரு பெரிய தையல் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே கேட்டிலிருந்து மெஷின் வரைக்குமே நெடுந்தூரம். இல்லத்து வேனில் வண்டியை ஏற்றி அவளைக் கொண்டுவிடுவதாக ஏற்பாடு.

“நான் கேட்டுக்கும் வராந்தாவுக்கும் போயிட்டு வாறதுக்கு எதுக்கு அது? அவ பொழைப்புக்கு ஆவும்லா.”

“இன்னொரு தடவை அளந்து பாக்கட்டுமா அக்கா...” என்று இழுத்தான் கிதியோன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

“நக்கோ. வாக்குக் குடுத்தாச்சு” என்றாள் லோயிஸ். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இல்லத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். லோயிஸ் கடைசியாக ஒரு தடவை வண்டியிலேயே கேட் வரைக்கும் வந்தாள். அங்கே ஹில்டா போட்டு வைத்த பிரம்பு நாற்காலிக்குக் கிதியோன் அவளை மாற்றி உட்கார வைத்தான். ஹில்டா காபியும் பலகாரமும் செய்ய உள்ளே போனாள்.

வேன் வரவில்லை. ஒரு வெள்ளை மாருதி வந்து நின்றது. போர்ட்டிகோவில் நின்ற கிதியோனின் காரும் அதுவும் ஒரே அச்சு. அதைப் பார்த்ததுமே அவன் போர்ட்டிகோ பக்கம் நழுவினான்.

ஓட்டி வந்தவன் இல்லத்து மேனேஜர் சிலாஸ். முன்சீட்டில் நாகம்மா, தலை நிறையக் கனகாம்பரத்தோடு. “ப்ரைஸ் தி லார்ட் டீச்சர். வேன் மொத்தமா படுத்துடுச்சு. இது எங்க டாக்டர் கார். அவர் தினமும் தார்நாக்கா வழியாத்தான் போறார். நாகம்மாவையும் வண்டியையும் அவரே இறக்கி விடறேன்னுட்டார். திங்கட்கிழமை வேலையில சேரணும்” என்றான் சிலாஸ்.

லோயிஸுக்குத் திக்கென்றது. “ஐயோ, மாருதியில ஏறாதேப்பா! எந்தம்பி அளந்து பாத்திருக்கானே.” மடியில் வைத்திருந்த டிராயிங்கை எடுத்து நீட்டினாள்.

சிலாஸ் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்கும் முயற்சி செய்யலாம் என்று சட்டைக் கையை மடித்தான். நாற்காலியைக் கழற்றினான், பேட்டரியை எடுத்தான், பின்பகுதியைப் பிரித்தான். எல்லாம் உள்ளே போயின. முன்பகுதியை நேராக வைத்தான், சாய்த்தான், தலைகீழாகப் புரட்டினான். தண்டு நிமிர்ந்தே நின்றது. டிக்கிக் கதவு நாலு விரல் இடைவெளியில் நின்றுகொண்டு கீழே இறங்கமாட்டேன் என்றது. கால் மணி நேரத்தில் அவன் சட்டை நனைந்துவிட்டது.

“சார் போட்டது கரெக்ட். அவர் சொன்ன எடத்துலயேதான் இடிக்குது” என்றான்.

நாகம்மா முன்சீட்டிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “கயிறு கட்டிக்கூட ஓட்ட முடியாதா அண்ணா?” என்று கேட்டாள்.

“ஹவ், முடியும். ஒரு நாள் ஓட்டலாம். தினமும் டாக்டர் கயிறு கட்டிட்டு ஓட்டுவாராம்மா?”

“பரவால்லே டீச்சரம்மா” என்றாள் நாகம்மா. சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கனகாம்பரம் மட்டும் தெரிந்தது.

கிதியோன் போர்ட்டிகோ தூணருகே நின்றான். அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. இப்படியே நின்றால் போதும். அவன் பொய் உண்மையாகிவிடும், அதுவும் சாட்சிகளோடு. வண்டி திரும்ப வீட்டுக்கே வந்துவிடும். ஒரு மாதம் கழித்து ஏதோ ஒரு வழி கண்டதாகச் சொல்லி அக்காவை லாலாகுடாவுக்குக் கூட்டிப் போகலாம். அக்காவுக்கும் சந்தோஷம், யாருக்கும் எதுவும் தெரியாது. இவ்வளவையும் அவன் மனது ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்தது. தன் மனது இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்வதைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

“கிதி, நீ வந்து ஏதாவது வழி இருக்கா பாரேன். அந்தப் பிள்ளை பொழைப்பு போயிரும்லா” என்றாள் லோயிஸ்.

அவன் காரருகே போனான். முன்பகுதியை வெளியே எடுத்துத் தரையில் வைத்தான். அக்கா சரியாக எதிரே உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு செய்யலாமா என்று நினைத்தான். குனிந்தான். கை நேராக ரப்பர் உறைக்குப் போனது. தேடவில்லை, தடவவில்லை. உறையை மேலே தள்ளிப் பின்னை உருவினான். தண்டு படுத்தது. சிலாஸ் வைத்ததையெல்லாம் இறக்கி, மோட்டாரை இடது மூலையில் ஒருக்களித்து வைத்தான், முன்பகுதியைக் குறுக்கே நுழைத்தான், பேட்டரியை அதன் சந்தில் செருகினான், நாற்காலியை மேலே கவிழ்த்தான். கதவை அழுத்தினான். கிளிக்.

“அரே!” என்றான் சிலாஸ். “அஞ்சு நிமிஷம்கூட ஆகல. சார் ஏற்கெனவே ஏத்திப் பாத்த மாதிரி இருக்கே!”

கிதியோனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. கையில் இருந்த கிரீஸையே பார்த்தான். அக்கா தன்னைப் பார்க்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

“அவன் எஞ்சினியர்லா” என்றாள் லோயிஸ். “பாத்த உடனே கண்டுபிடிச்சிருவான்.”

அவள் பொய் சொல்லி அவன் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவனுக்காக ஒரு லீவு லெட்டரில்கூட இல்லாத காய்ச்சலை எழுதிக் கொடுக்காதவள். வெளியார் முன்னால் அவன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, ஐம்பத்தைந்து வயதில், குரல் பிசகாமல் சொன்னாள். கையும் களவுமாகப் பிடித்துக் கன்னத்தில் அறைந்திருந்தால் அவன் இதைவிடச் சுலபமாகத் தாங்கியிருப்பான்.

அவளே அவர்களுக்காக ஜெபம் செய்தாள். மடக்கும் விதத்தை சிலாஸுக்கு இன்னொரு தடவை காட்டச் சொன்னாள், கிதியோன் காட்டினான். நாகம்மா ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். கார் தெருமுனை திரும்பியது.

“இப்ப அஞ்சு நிமிஷம்” என்றாள் லோயிஸ், ரோட்டைப் பார்த்தபடியே. “மொத தடவை எவ்வளவு ஆச்சு?”

“இருவது” என்றான்.

“எப்ப?”

“ஜூலையில.”

“புத்தகம்?”

“ஆபீஸ்ல இருக்கு அக்கா.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததால் அவனே சொல்ல வேண்டியதாயிற்று. “பெட்ரோல் பங்க்ல ஜகதீசன் சார் பாத்தாரு. யாருக்குன்னு கேட்டாரு. உங்களுக்குன்னு சொல்ல... வெக்கமா இருந்துச்சு. சர்ச்சுக்குன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதை மறைக்கத்தான் எல்லாம்.”

லோயிஸ் மெதுவாகத் தலையாட்டினாள், கணக்கின் விடை சரியாக வந்துவிட்டது என்பது போல. அவள் கண் கலங்கவில்லை. அவனுக்குத்தான் கலங்கியது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவளைத் தூக்குவதற்காகக் குனிந்தான். அவள் உள்ளங்கையை அவன் நெஞ்சுக்கு நேரே நிறுத்தினாள். தள்ளவில்லை. நிறுத்தினாள்.

“ஹில்டாவைக் கூப்பிடு.”

“அவளால தூக்க முடியாது அக்கா. இருவது அடி தூரம். வெயில் வேற.”

“தூக்க வேண்டாம். பிடிச்சாப் போதும். நான் நடக்கேன்.”

ஹில்டா காபி தம்ளர்களும் பலகாரமுமாக வந்தாள். கார் போய்விட்டதையும், மைனி ஒரு கையை நீட்டுவதையும் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். லோயிஸ் அவள் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒரு அடி. நின்று மூச்சு வாங்கினாள். இன்னொரு அடி.

“என்னங்க, மரம் மாதிரி நிக்கீங்க? வந்து அந்தப் பக்கம் பிடிங்க!” என்றாள் ஹில்டா.

“அவன் வேண்டாம்” என்றாள் லோயிஸ்.

“ஏன் மைனி? என்ன ஆச்சு?”

“அவன்ட்டயே கேளு.”

ஹில்டா திரும்பி அவனைப் பார்த்தாள். “ஜூலையில...” என்று ஆரம்பித்தான் கிதியோன். அவர்கள் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை.